கப்பல் நேரம்

மார்ச் 12, இப்ஸ்விச்

அறை உறுதியாகிவிட்டது! மே 18, பிரிஸ்பேனிலிருந்து ஏழு இரவுகள். நூமியா, லிஃபூ என்று பிரெஞ்சுக்காரர்களின் தீவு ஊர்கள் இரண்டு, திரும்பவும் கடல், பிறகு வீடு. ஆறாவது தளம், கப்பலின் நடுப்பகுதி. ஆட்டம் குறைவான இடம் அதுதான். உச்சித் தளத்தில் அறை எடுப்பவர்கள் காசையும் கொடுத்து வாந்தியும் எடுக்கிறார்கள். எனக்கு இது இருபத்துநாலாவது பயணம். காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. ஊற வைத்த துணியை மறந்தே போனேன்.

ஒரே ஒரு சிக்கல். ஷெரில் இல்லை.

என் புருஷன் டெஸ் இறந்துபோன பிறகு மூன்று பயணங்களில் ஷெரில்தான் எனக்கு அறைத் துணை. கடைசிப் பயணத்தில் வினாடி வினாவில் எதிர் அணியில் உட்கார்ந்திருந்த கெவினோடு பேச ஆரம்பித்தாள். போன மாதம் கல்யாணமே முடிந்துவிட்டது. இனி அவளுக்கு அறைத் துணை அவன். நல்லா இருக்கட்டும். ஆனால் கப்பலில் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்பது கணக்கு. ஒண்டிக்கட்டையாகப் போனாலும் இரண்டு பேர் கட்டணம் வாங்குவார்கள். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் முப்பது வருடம் சாண்ட்விச் போட்டவளின் ஓய்வூதியத்துக்கு அது கட்டாது. துணை இருந்தால் கடல். இல்லாவிட்டால் நானும் தொலைக்காட்சியும்.

இந்தத் தடவை துணைக்குக் கிடைத்திருப்பது நோலீன். என் நாத்தனார். டெஸ்ஸின் அக்கா. உள்நாட்டில், சின்சில்லா ஊருக்கு அப்பால் மாட்டுப் பண்ணையில் எழுபத்தோரு வருடம் வாழ்ந்தவள். கடலையே நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறாள். அவள் மகன் கிளின்ட் பிறந்தநாளுக்குக் கப்பல் டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டான். போனில் சொன்னாள்: "பிள்ளை காசைக் கட்டிட்டானேன்னு ஒரு தடவை வர்றேன் ரோண்டா. பிடிக்கலேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன். அப்புறம் என்னைத் தொந்தரவு பண்ணக் கூடாது."

பிடிக்க வைக்க வேண்டும். நாற்பத்திரண்டு வருடமாக என்னையே அவளுக்குப் பிடிக்க வைக்க முடியவில்லை. கப்பலையாவது பிடிக்க வைக்கிறேன் பார்.

ஏப்ரல் 9

நோலீனுக்கு என் விதிகளை எழுதி அனுப்பினேன். மொத்தம் நாற்பது. எழுத எழுத எனக்கே உற்சாகம் தாங்கவில்லை.

விதி ஒன்று: கப்பல் நேரம்தான் நேரம். போனை நம்பாதே. அது கரையில் இருக்கிற கோபுரத்தைப் பார்த்துத் தன் இஷ்டத்துக்கு மணியை மாற்றிக்கொள்ளும். ஏறியதும் அதை ஏரோபிளேன் மோடில் போட்டு இழுப்பறையில் வை. கையில் ஒரு கடிகாரம் கட்டிக்கொள்.

முதல் நாள் பெட்டி அறைக்கு வரச் சாயங்காலம் ஆகும். அதனால் தோள்பையில் மாத்திரை, நீச்சலுடை, மாற்றுத்துணி. அன்றைக்கு எல்லோரும் மேல்தளச் சாப்பாட்டுக்கு முட்டி மோதுவார்கள். நாம் கீழே மேசைச் சாப்பாட்டுக்குப் போனால் ராஜ மரியாதை. அறைச் சுவர் இரும்பு, காந்தக் கொக்கிகள் ஒட்டும். தொப்பி, அடையாள அட்டை, ஈரத்துணி எல்லாம் அதில். குளியலறைக் கதவில் செருப்பு மாட்டும் பை தொங்கவிட்டால் சீப்பு முதல் வலிநிவாரணி வரை கண் முன்னால் இருக்கும். வயிற்றைப் புரட்டினால் பச்சை ஆப்பிளும் இஞ்சி பிஸ்கட்டும். வெறும் வயிறாக மட்டும் இருக்கக் கூடாது.

ஏப்ரல் 15

நோலீனிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. "மாடு வாங்கும்போதுகூட நான் இவ்வளவு படிச்சதில்லை."

படித்திருக்கிறாள்! அதுவே பெரிது.

மே 2

பெட்டி கட்டியாயிற்று. பதினாறு நாள் முன்னதாக. அதனால் என்ன?

இந்தத் தடவை டெஸ்ஸின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போகிறேன். அவன் பயணம் போனபோதெல்லாம் அதுதான் அவன் கையில் இருக்கும். பட்டை எனக்குத் தொளதொளவென்று இருந்தது, ஒரு துளை போட்டுக்கொண்டேன். நேரம் மாற்றும் குமிழ் இறுகிக் கிடக்கிறது. உப்புக் காற்று. மாற்றி என்ன ஆகப்போகிறது, சரியாகத்தானே ஓடுகிறது.

மே 17

நோலீன் பேருந்தில் வந்து இறங்கினாள். கையில் ஒரே ஒரு பை. ஏழு நாளைக்கு!

"இதுல எல்லாம் இருக்கா?"

"போடுறதுக்கு இருக்கு. காட்டுறதுக்கு இல்லை."

இடது முழங்கால் போன வருடம் மாற்றியதாம், மாடிப்படி ஏறும்போது முனகுகிறாள். கேட்டால் மட்டும் "ஒண்ணுமில்லை." என் வரவேற்பறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். டெஸ் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். "தலையைச் சீவாமலே போட்டோ எடுத்திருக்கே," என்றாள். அவ்வளவுதான்.

மே 18, கப்பலில்!

கப்பலில்!! வெள்ளை மலை மாதிரி நின்றது. நோலீன் அண்ணாந்து பார்த்தாள், தொப்பி பின்னால் விழுந்தது. "இதுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகுமா?" என்று கேட்டாள்.

எல்லாம் விதிப்படியே நடந்தது. கீழ்த்தளத்தில் சாப்பாடு, கூட்டமே இல்லை. கொக்கிகள் பத்தும் மாட்டினேன். செருப்புப் பையைத் தொங்கவிட்டேன். ஜன்னல் இல்லாத உள்ளறைதான், ஆனால் தூங்குவதற்கு அறை, வாழ்வதற்குக் கப்பல் என்று சொன்னேன். நோலீன் நாலு சுவரையும் பார்த்தாள். "எங்க வீட்டுல கன்னுக்குட்டிக்குக்கூட ஜன்னல் உண்டு."

ஆனால் ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டி வளைகுடாவுக்குள் நுழைந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். வாயே திறக்கவில்லை. நோலீன் பேசாமல் இருந்தால் இரண்டில் ஒன்று: கோபம், அல்லது மற்றது. மற்றதாக இருக்கட்டும் கடவுளே.

மே 19

காலை ஆறு மணிக்கே போய் நீச்சல் குளத்தருகே இரண்டு சாய்நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடித்தேன். வந்து பார்த்தால் என் துண்டுகள் மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருக்கின்றன, நாற்காலிகளில் யாரோ வயதான தம்பதி. நோலீன்தான் எடுத்துக் கொடுத்தாளாம்! "ஆளே இல்லாம துண்டுக்கு எதுக்குடி நாற்காலி?"

எனக்குச் சுருக்கென்றது. சரி, விடு. வினாடி வினாவில் மாடுகளைப் பற்றி இரண்டு கேள்வி வந்தது. ஜெயித்தோம். பரிசு ஒரு சாவிக்கொத்து. நோலீன் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டாள்!

அவளுக்குக் கொஞ்சமும் தலை சுற்றவில்லை. எனக்குத்தான் இரண்டு ஆப்பிள் தேவைப்பட்டது. வெளியே சொல்லவில்லை.

மே 20

இன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் நான்தான் ராணி. எங்கள் மேசையில் ஜிம்பியிலிருந்து வந்த புதுமணத் தம்பதி, முதல் பயணம். அந்தப் பெண் டேனிகா என் விதிகளைப் போனில் குறித்துக்கொண்டே வந்தாள். பக்கத்து மேசையும் திரும்பி உட்கார்ந்து கேட்டது. ஒலிபெருக்கியில் கேப்டன் ஏதோ அறிவித்தார், யார் கேட்டார்கள்?

நாளைக்கு நூமியாவில் தவறவிடக் கூடாத காட்சியையும் சொன்னேன். கப்பல் கிளம்புவதற்கு அரை மணி முன்னால் பன்னிரண்டாம் தளத்தில், கரைப்பக்கக் கம்பியருகே இடம் பிடிக்க வேண்டும். கையில் ஒரு பானம். தாமதமாக வருகிறவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள் பாருங்கள்! ஆயிரம் பேர் மேலேயிருந்து கைதட்டி, ஊளையிட்டு, "ஓடு ஓடு" என்று கத்துவோம். எந்த நாடகமும் அதற்கு ஈடில்லை. இருபது வருடமாக நான் ஒரு தடவைகூட விட்டதில்லை.

"அதுல என்ன சிரிப்பு? ஓடுறவங்களுக்கு வயித்தைக் கலக்குமே," என்றாள் நோலீன்.

"விதி ஒண்ணை மதிக்காதவங்களுக்கு அப்படித்தான் வேணும்!" என்றேன். மேசையே சிரித்தது.

அறைக்கு வந்தபோது நாளைய நிகழ்ச்சித் தாள் கட்டில்மேல் இருந்தது. நோலீன் எழுத்துக்கூட்டாத குறையாக ஒவ்வொரு வரியையும் படிக்கிறாள். மணி மாற்றுவதைப் பற்றி ஏதோ சொன்னாள். நான் கரைக்குப் போகும் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். ம்ம் என்றேன்.

நாளைக்கு நூமியா. இதுவரை அவள் ஒரு தடவைகூட "பிடிக்கலை" என்று சொல்லவில்லை!

மே 21, காலை, மேல்தளத்தில்

இந்தக் கப்பலில் என்னவோ சரியில்லை. கீழே காலைச் சாப்பாடு ஒன்பது வரை என்று போட்டிருக்கிறார்கள், எட்டே காலுக்கே கதவைச் சாத்திவிட்டார்கள். பணியாளரிடம் கேட்டால் பல்லைக் காட்டுகிறார். இருபத்துமூன்று பயணத்தில் இப்படி நடந்ததில்லை. இறங்கியதும் புகார் எழுதப்போகிறேன்.

நோலீன் எனக்கு முன்னாலேயே எழுந்து, சாப்பிட்டு, தொப்பியும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஒன்பது தாண்டிடுச்சே, நீ தூங்கட்டும்னு விட்டேன்," என்கிறாள். போனைப் பார்த்து மணியை மாற்றிக்கொண்டிருப்பாள். நாற்பது விதி அனுப்பி என்ன பிரயோசனம், முதல் விதியையே படிக்கவில்லை.

போகட்டும். வெயில் அருமை. இறங்குகிறோம்!

மே 21, மாலை

எழுதித் தீர்க்க வேண்டும்.

பகல் முழுக்க நன்றாகத்தான் போனது. பேருந்தில் கடற்கரைக்குப் போனோம். நோலீன் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுத் தண்ணீரில் நின்றாள். தழும்பு பளபளவென்று தெரிந்தது. ஒரு மீன் காலைத் தொட்டதற்குச் சின்னப் பெண் மாதிரி கத்தினாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

மூன்று மணிக்கு — என் கடிகாரத்தில் — "கிளம்பலாம் ரோண்டா, நாலாயிடுச்சு," என்றாள். மூணுதான் ஆகுது என்றேன். ஊருக்குள் வந்தோம். கேக் கடை வரிசையில் நின்றேன். "நாலரைக்கு எல்லாரும் ஏறியிருக்கணும்னு தாள்ல போட்டிருந்துது. இப்ப நாலு இருபது." நோல், அது தீவு மணி, கப்பல் மணி நம்ம பிரிஸ்பேன் மணிதான் என்றேன். "தாள்ல..." என்று ஆரம்பித்தாள். நான் என்ன சொன்னேன்? எழுதவே கூசுகிறது. "இருபத்துமூணு தடவை போனவ நானா நீயா?" என்றேன். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் வானத்தைப் பார்த்தாள். "சூரியனைப் பாருடி. அதுவும் தாள் படிச்சிருக்கா?"

க்ரீம் அடைத்த எக்ளேரில் முதல் கடி கடித்தேன். கப்பலின் சங்கு ஊதியது.

"வேற கப்பலா இருக்கும்," என்றேன்.

"வேற கப்பல் எங்கடி இருக்கு?"

இல்லை. துறைமுகத்தில் ஒரே ஒரு கப்பல்தான். எங்கள் கப்பல். என் கையில் மணி மூன்று நாற்பது.

ஓடினோம். ஓடினோம் என்றால் நான் ஓடினேன், நோலீன் அந்த முழங்காலோடு நொண்டிக்கொண்டே வந்தாள். துறைமுகக் கதவைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். "என்னால முடியாது, நீ போ," என்றாள். முகம் வெளுத்திருந்தது. கப்பல் அங்கே நிற்கிறது, ஏணிப்பாதை இன்னும் இருக்கிறது, ஆனால் அது தொலைவு. நான் போய் அவளை விட்டுவிட்டால்? கடவுச்சீட்டுகூட அறையில் இருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன பண்ணித் தொலைச்சேன், என்ன பண்ணித் தொலைச்சேன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தேன்.

நோலீன் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். ஆத்தாடி! மூன்று வயல் தாண்டி நாயைக் கூப்பிடுகிற விசில். பெட்டி ஏற்றும் வண்டி ஒன்று அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, ஓட்டுநர் பிரேக்கை மிதித்தேவிட்டார். நோலீன் கப்பலைக் காட்டினாள், தன் முழங்காலைக் காட்டினாள், வண்டியின் பின்தட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பிரெஞ்சு அவளுக்கும் தெரியாது, அவருக்கும் அது தேவைப்படவில்லை.

அப்படித்தான் வந்து சேர்ந்தோம். பெட்டி வண்டியில், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கையில் பாதி எக்ளேருடன். பன்னிரண்டு தளமும் கம்பியோரம் நிறைந்திருந்தது. ஆயிரம் பேர் ஊளையிட்டார்கள். அதற்கு நடுவே டேனிகாவின் புருஷன், அந்த ஜிம்பிப் பையனின் குரல் தனியாகக் கேட்டது: "விதி ஒண்ணு! விதி ஒண்ணு!"

நான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

கேப்டன் நேற்று இரவு அறிவித்தது அதுதான். மணியை ஒன்று முன்னே வைக்கச் சொன்னார். மொத்தக் கப்பலும் வைத்தது. நான் ஒருத்திதான் வைக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும்தான், ஆனால் ஆயிரம் பேர் முன்னாலா?

நோலீன் காலில் பனிக்கட்டி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். பேசவில்லை. இது அந்த "மற்றது" இல்லை. எனக்குத் தெரியும்.

மே 22

லிஃபூ. நான் இறங்கவில்லை. சாப்பிடவும் போகவில்லை, எந்த முகத்தோடு போவது? நோலீன் கப்பலில் கொடுத்த ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு தனியாகவே படகில் இறங்கிக் கரைக்குப் போனாள். இருபத்துநாலாவது பயணம்தான் கடைசிப் பயணம். எண்ணிக்கைக்கு நல்ல எண் இல்லை.

மதியம் திரும்பினாள். கட்டிலில் உட்கார்ந்து செருப்பிலிருந்து மணலைக் கொட்டினாள்.

"தாமதமானது எனக்குப் பெரிசில்லை ரோண்டா. மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் நீ காதுல வாங்கலை. நாப்பத்திரெண்டு வருஷமா இப்படித்தான். உன் கல்யாணத்துல மழை வரும், விருந்தைக் கூரைக்குள்ள வைன்னேன். கேட்டியா?"

மழை வந்தது. கேக் கரைந்தது. மறக்கவே இல்லை அவள்!

"எங்க உக்காரணும், என்ன திங்கணும், எதைப் பார்க்கணும், எல்லாம் நீயே எழுதி வச்சிருக்கே. உனக்கு என்ன பிடிக்கும் நோலீன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். ஏழு நாளைக்கு அவளுக்குப் பிடிக்க வைக்கப் போகிறேன் என்று கிளம்பியவள், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கவில்லை. தப்பு என் மேலதான் நோல், மன்னிச்சுடு என்றேன். அவளிடம் இதற்கு முன் அந்த வார்த்தையைச் சொன்னதாக ஞாபகமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அது சரி, இருபத்துமூணு தடவை போயிருக்கே. ஒரு தடவைகூட மணி மாத்தினதில்லையா?" என்று கேட்டாள்.

நம் குவீன்ஸ்லாந்தில் யார் மணியை மாற்றுகிறார்கள்? சிட்னிக்காரர்கள் கோடைக்கும் குளிருக்குமாக வருடத்துக்கு இரண்டு தடவை முன்னும் பின்னும் தள்ளுவார்கள், நாம் மாட்டோம் என்று வாக்கெடுத்துச் சொல்லிவிட்டோம். ஷெரிலோடு போன மூன்று பயணங்களும் நம் கடற்கரையோரமும் நியூகினி வரையும்தான். அங்கே மணி மாறாது. அதற்கு முன்னால் இருபதிலும்...

"டெஸ் மாத்துவான்," என்றேன்.

அவள் கையிலிருந்த செருப்பை மெல்லக் கீழே வைத்தாள்.

இப்போது இதை எழுதும்போது அப்படியே கண்ணில் தெரிகிறது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கடிகாரக் குமிழை விரலால் இழுத்துப் பார்ப்பான், வராது. வாயில் வைத்துப் பல்லால் கவ்வி இழுப்பான். "பல்லு போயிடும் பாரு," என்று திட்டுவேன். தினம் காலையில் மணி என்ன என்று அவனைத்தான் கேட்பேன். விதி ஒன்று என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறேனே, அது என் விதியே இல்லை. அவன் செய்ததை நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே 23, கடலில்

இன்று எல்லாம் நோலீன் இஷ்டம்! கேட்டேன், சொன்னாள். அவளுக்கு இயந்திரம் பார்க்க வேண்டுமாம். இருபத்துநாலு பயணத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. இயந்திர அறைக்குள் விடமாட்டார்களாம், அதனால் சமையல்கட்டைச் சுற்றிக் காட்டும் வரிசையில் சேர்ந்தோம். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முட்டை என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு கப்பலின் பின்முனையில், யாருமே வராத ஐந்தாம் தளத்தில் ஒரு மூலையைக் காட்டினாள். நூமியாவுக்கு முன்பே தானாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அலை இரண்டாகப் பிரிந்து பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. எவ்வளவு நாள் இந்த இடத்தைத் தாண்டி நடந்திருக்கிறேன்!

இன்னொன்று. என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அதாவது நான் பயந்த மாதிரி சிரிக்கவில்லை. நோலீன் நடந்தால் கப்பலே விசில் அடிக்கிறது. மின்தூக்கியில் ஒரு பெரியவர் விசில் கற்றுக்கொடுக்கச் சொன்னார். மதியம் நடன வகுப்பு ஆசிரியரே அவளை மேடைக்குக் கூப்பிட்டார். முழங்காலைக் காட்டி வரவில்லை என்றாள், ஆனால் காது சிவந்துவிட்டது. டேனிகா எங்கள் மேசைக்கு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "நீங்க வண்டியில வந்ததுதான் எங்க பயணத்துலயே பெஸ்ட்!" அசடு வழிந்தேன். பிறகு நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர.

டெஸ்ஸின் கடிகாரத்தை மாற்றவில்லை. இன்றிரவு கப்பல் மணியைத் திரும்பப் பின்னால் வைக்கிறார்கள். ஒன்றும் செய்யாமலே அது சரியாகிவிடும்.

மே 24

அடுத்த பயணத்துக்குப் பதிவு செய்யும் மேசை மாலை ஐந்து வரைதான். கப்பலிலேயே போட்டால் சலுகை உண்டு. நாலு மணிக்கு நோலீனை அந்த வழியாக நடத்திப் போனேன். வேண்டுமென்றேதான். அவளுக்கும் தெரியும்.

"நவம்பர்ல ஒண்ணு இருக்கு நோல். பத்து நாள். உனக்குப் பிடிச்சிருந்தா." கேட்டேன் பார்த்தாயா. கேட்டேன்.

நிதானமாக அந்தப் படத்தைப் பார்த்தாள். "சந்தையில நின்னுக்கிட்டு மாடு வாங்கக் கூடாது. அங்க எல்லா மாடும் கொழுத்துத்தான் தெரியும். வீட்டுக்குப் போய் யோசிக்கணும்."

"அப்ப வேண்டாமா?"

"யோசிக்கணும்னேன்."

மேசையை மூடிவிட்டார்கள். எனக்குத் தெரியும், யோசிக்கணும் என்றால் என்ன. மூஞ்சிக்கு நேராகச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

பெட்டியை இரவே கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். காலையில் கரையில் கிடைக்கும். விதி முப்பத்தெட்டு: நாளைக்குப் போடுவதை வெளியே எடுத்து வை. ஒருவர் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டி, பைஜாமாவோடு சுங்கத்தைத் தாண்டியதை நானே பார்த்திருக்கிறேன். டேனிகாவிடம் மூன்று தடவை சொன்னேன்.

மே 25, வீடு

காலையில் எழுந்தால் கட்டிலுக்கடியில் என் செருப்பு இல்லை. பெட்டிக்குள் வைத்துவிட்டேன் என்று ஒரு நொடி உயிரே போனது. நோலீன் தன் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துப் போட்டாள். நேற்று என் பெட்டி வெளியே போவதற்கு முன் திறந்து எடுத்து வைத்திருக்கிறாள்.

பேருந்து நிலையத்தில் விட்டேன். "நல்லா பார்த்துக்கிட்டே, தேங்க்ஸ்," என்றாள். ஏறிப் போய்விட்டாள்.

காந்தக் கொக்கி ஒன்பதுதான் இருக்கிறது. ஒன்றை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஜூன் 30

மழை. ஷெரிலும் கெவினும் அலாஸ்கா போகிறார்களாம். போன் எடுத்து நோலீனுக்குப் போடலாமா என்று நினைத்தேன். வேண்டாம். தொந்தரவு பண்ணக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 6

நோலீன் போன். காலை ஆறு மணிக்கு, நல்லது கெட்டதா என்று பதறி எடுத்தேன். "யோசிச்சிட்டேன். நவம்பர்ல வர்றேன். கன்னுங்களைக் கிளின்ட் பார்த்துக்கிறான். ஆனா ஜன்னல் இல்லாத அறைன்னா நான் வரலை!"

தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு நாய்க்கெல்லாம் சொல்லிவிட்டேன்!!

நவம்பர் 17, கடலில்

இருபத்தைந்து! நாளைக்குக் கரை. அறைக்குப் பால்கனி இருக்கிறது. உச்சித் தளத்தில் ஓரமாகக் கிடைத்ததால் கட்டுப்படியானது, நன்றாகவே ஆடுகிறது. ஆப்பிள் இரண்டு தின்றாயிற்று. இந்தத் தடவை அதை வெளியே சொல்லியே தின்றேன். நோலீன் காலைக் கம்பிமேல் போட்டுக்கொண்டு அலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாவிக்கொத்து இடுப்பில் இருக்கிறது. இன்றைக்கு இருட்டும் முன்பே தாள் கட்டில்மேல் வந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினாள்.

"குடு."

டெஸ்ஸின் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன்.

குமிழை விரலால் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. நகத்தால் நெம்பினாள். வரவில்லை. வாயில் வைத்துப் பல்லால் கவ்வி இழுத்தாள்.

"பல்லு போயிடும் பாரு," என்றேன்.

"போனா போகுது." ஒரு மணி முன்னே தள்ளி, காதருகே வைத்துக் கேட்டு, என் கையைப் பிடித்து அவளே கட்டிவிட்டாள். "எந்திரி. சாப்பாட்டுக்கு நேரமாச்சு."